கெம்பனுக்கு நட்ட கல்

எருக்கங்கொட்டாயில் நாய்க்கு மரியாதை கிடைக்க வேண்டுமென்றால் முதலில் அது சாக வேண்டும். மனுசனுக்கும் அங்கே ஏறக்குறைய அதே சட்டம்தான். ஆனால் செத்த மனுசனைக் கருமாதி முடிந்ததும் மறந்துவிடுவார்கள். நாய் விஷயம் அப்படியில்லை. உகாதி கழிந்து ஊர் கூடிப் போகிற பன்றி வேட்டையில், பன்றியும் விழுந்து, அதைக் கவ்விய நாயும் விழுந்தால், அந்த நாய்க்கு ஏரிக்கரையில் கல் நடுவார்கள். நாய்க்குச் சொந்தக்காரன் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். அன்றிலிருந்து வேட்டைக் கறியில் முதல் கூறு அவனுக்கு. கோயிலில் முதல் விபூதி அவனுக்கு, அவன் பிள்ளைக்கு, பேரனுக்கு. உயிரோடு திரும்பி வந்த நாய்க்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறீர்களா? எலும்பு. அதுவும் பன்றி பெரிதாக இருந்தால்.

மாரப்பனுக்கு நிலம் இருந்தது, ஆடு இருந்தது, மீசையும் இருந்தது. மதிப்புத்தான் இல்லை. ஊர்க் கூட்டத்தில் அவன் வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவன் கொட்டாவி விடுவான். கறிக்கூறு போடும்போது எல்லோர் பெயரையும் கூப்பிட்டு முடித்து, கடைசியில் "இன்னும் யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பார்களே, அந்த 'யாராச்சும்' மாரப்பன்தான்.

அவன் பெண்டாட்டி கோவிந்தம்மாளுக்கு இதில் பெரிய வருத்தமில்லை. மதிப்பை வைத்துக் களி கிண்ட முடியாது என்பது அவள் கட்சி. ஆட்டுப்பட்டியைக் காக்க ஒரு நல்ல நாய் வேண்டும், அது இருந்தது. செவலை நிறம். அதனால் எல்லைப்பக்கத்துக் கன்னட வழக்கப்படி கெம்பன் என்று பெயர். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்து தொங்கும். கண் திறக்காத குட்டியாகக் கொண்டுவந்து ஆட்டுப்பால் விட்டு வளர்த்தவள் அவள். பிள்ளையில்லாத வீட்டில் மூன்றாவது தட்டு கெம்பனுடையது. யாராவது அவனை 'அது' என்று சொன்னால் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வரும். நாமும் அவளுக்குப் பயந்து 'அவன்' என்றே சொல்லிவைப்போம்.

அந்த வருஷம் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்துவிட்டான், அடுத்தது மதராஸ்தான் என்று பாலக்கோட்டுச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். ஜப்பானுக்குப் பயந்து வேட்டையை நிறுத்துகிற ஊரா எருக்கங்கொட்டாய்? வலையும் ஈட்டியுமாகக் காட்டுக்குள் இறங்கினார்கள். உச்சிவேளைக்கு ஒரு தனிப்பன்றி வலையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் வலையைக் கிழித்துக்கொண்டு மணியக்காரர் நஞ்சப்பன் நின்ற பக்கம் பாய்ந்தது. மணியக்காரர் ஈட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். பிற்பாடு ஊரில் அதை 'பன்றிக்கு வழிவிட்டார்' என்று திருத்திக்கொண்டார்கள்.

ஓடாமல் நின்றவன் கெம்பன் ஒருவன்தான். பன்றியின் காதைக் கவ்வித் தொங்கினான். பன்றி உதறிய உதறலில் அதன் கொம்புப்பல் அவன் விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. அதற்குள் நாலு பக்கமும் ஈட்டி இறங்கி, பன்றி சாய்ந்தது. இத்தனையும் நடந்தபோது மாரப்பன் ஒரு புளியமரத்தின் மேல் இருந்தான். மேலே இருந்தால் வேட்டை நன்றாகத் தெரியும் என்று ஏறினானாம்.

கெம்பன் விழுந்ததைப் பார்த்து முதலில் "ஐயோ" என்று அலறியவனும் அவன்தான். அதை மறைக்கக் கூடாது. ஆனால் மரத்தை விட்டு இறங்கியதும் பூசாரி தீர்த்தன் அவன் தோளில் கை போட்டு, "கொடுத்து வெச்சவன்டா மாரப்பா நீ" என்றான். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் மாரப்பனின் ஐயோ பாதியில் நின்றுவிட்டது.

கோவிந்தம்மாள் களத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். மேளச்சத்தம் தன் வீட்டை நோக்கி வருவதைக் கேட்டு முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். முன்னால் மேளம், நடுவில் கயிற்றுக்கட்டில், பின்னால் ஊர். கட்டிலில் கெம்பன் கிடந்தான். கழுத்தில் அதற்குள் யாரோ அரளிமாலை போட்டிருந்தார்கள். விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"உசுரு இருக்குதே!" என்று கத்தினாள்.

"இருக்குதும்மா, இருக்குது. பொழுது சாயறதுக்குள்ள போயிரும், கவலப்படாத" என்றார் மணியக்காரர், ஆறுதல் சொல்லுகிற குரலில்.

அவள் மாலையைப் பிய்த்தெறிந்துவிட்டுக் காயத்தில் கை வைத்தாள். கெம்பன் வெடுக்கென்று திரும்பி அவள் கையைக் கவ்வினான். இத்தனை வருஷத்தில் அவன் பல் அவள்மேல் பட்டது அன்றைக்குத்தான். கையைவிட மனசுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

ஊர் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. கொதிக்கிற எண்ணெயை விடச் சொன்னான் ஒருவன். புகையிலையும் சுண்ணாம்பும் கசக்கி அப்பச் சொன்னான் இன்னொருவன். புற்றுமண், அடுப்புச்சாம்பல், மிளகாய்ப்பொடி என்று கடைச்சரக்கு முழுவதும் அந்த வயிற்றுக்குள் போகக் காத்திருந்தது. தலைவலி என்று போனவனைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைக்கிற வைத்தியம் அத்தனையும் அந்த ஊருக்கு அத்துப்படி.

அப்போதுதான் ஊதல் சத்தம் கேட்டது. கூட்டம் முழுவதும் "வந்துட்டான்டா" என்று சிரித்தது.

வந்தவர் குப்புராஜ், ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஒரே வாத்தியார். குண்டு விழுந்தால் அடிபட்டவர்களுக்கு முதலுதவி செய்ய வேண்டுமே என்று சர்க்கார் அவரைச் சேலத்துக்கு வரவழைத்து வகுப்பு எடுத்து, கையில் கட்ட ஒரு பட்டையும் ஊதலும் ஒரு தகரப்பெட்டியும் கொடுத்து அனுப்பியிருந்தது. எருக்கங்கொட்டாயில் குண்டு போட வேண்டும் என்று ஜப்பான்காரனுக்கு என்ன வேண்டுதலா? வாத்தியார் தினமும் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார். மரத்திலிருந்து விழுந்தவன்கூட அவரிடம் வரவில்லை. அரிவாளில் விரலை வெட்டிக்கொண்டவன் சாணியை அப்பிக்கொண்டு அவர் வாசலைக் கடந்தே போனான். ஆள் துடைப்பக்குச்சி, ஊர் வைத்த பெயர் குண்டு வாத்தியார்.

"விலகுங்க! காத்து வரட்டும்! கேசு எங்க?" என்று கேட்டபடியே வந்தவர், கட்டிலில் கிடந்த கேசுக்கு நாலு கால் இருப்பதைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். பிறகு பெட்டியைத் திறந்துவிட்டார். கிடைத்த கேசை விடுகிற நிலையில் அவர் இல்லை.

"மொதல் விதி, ஒதவி பண்றவன் அடிபடப்படாது" என்று சொல்லி மூன்று முழம் தள்ளியே நின்றார்.

"தூர நின்னு பாடம் எடுத்தா போதாதுங்க வாத்தியாரே, கிட்ட வாங்க" என்றாள் கோவிந்தம்மாள்.

"வர்றனம்மா. மொதல்ல வாயைக் கட்டணும். வலியில கெடக்கற நாய்க்கு வளத்தவளும் தெரியாது, கடவுளும் தெரியாது. கடிச்சதுக்காக அதுமேல கோவிச்சுக்காதீங்க."

"அவன்மேல."

"சரி, அவன்மேல."

பெட்டியிலிருந்து நீளத் துணியொன்று வெளியே வந்தது. வாத்தியார் சொல்லச் சொல்ல அவள் கட்டினாள். மூஞ்சிக்கு மேலே ஒரு சுருக்கு, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, அப்புறம் காதுக்குப் பின்னால் இழுத்து ஒரு கட்டு. மூக்குத் துவாரத்தில் துணி படக்கூடாது, வாந்தி வருகிற மாதிரி இருந்தால் உடனே அவிழ்த்துவிட வேண்டும் என்றார். வாய் கட்டியாயிற்று என்று நிச்சயமானதும் வாத்தியாருக்கு வீரம் வந்தது, கட்டிலருகே உட்கார்ந்தார்.

கிழிசல் தொடையைத் தொட்ட இடத்தில் ரத்தம் கொப்பளித்துக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்த பஞ்சு ஒரு கைக்குக்கூடப் போதவில்லை. ஜப்பான் குண்டுக்கு அவ்வளவுதான் கொடுத்திருந்தார்கள். கோவிந்தம்மாள் உள்ளே ஓடி, பரிவட்டத்தன்றைக்குக் கட்டலாம் என்று மாரப்பன் மனசுக்குள் எடுத்துவைத்திருந்த வெளுத்த எட்டுமுழ வேட்டியைக் கொண்டுவந்து பர்ரென்று கிழித்தாள்.

"அடியே, என் வேட்டிடீ!" என்றான் மாரப்பன். நாய் கட்டிலில் வந்ததிலிருந்து அவன் வாயிலிருந்து வந்த முதல் கவலை அதுதான்.

"அமுக்கிப் புடிங்கம்மா. தூக்கித் தூக்கிப் பாக்கப்படாது. நனைஞ்சா அதை எடுக்காதீங்க, அதுமேலயே இன்னொரு துணி வைங்க. எடுத்தா உறைஞ்சதும் கூடப் பிச்சுக்கிட்டு வந்துரும்."

வயிற்றுக் கிழிசலில் குடல் ஒரு வளையம் எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் வாத்தியாரின் முகம் கெம்பனைவிட மோசமாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு பாடத்தை ஒப்பித்தார். உள்ளே தள்ளக் கூடாது, காயவும் விடக் கூடாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்புப் போட்டு, சுத்தமான துணியை நனைத்து மேலே மூட வேண்டும். தொடுகிற கையை முதலில் சாராயத்தில் கழுவினால் நல்லது.

சாராயம்! சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து சில வருஷமாகியிருந்தது. கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்படின்னா என்னாங்க வாத்தியாரே?" என்று கேட்டார் மணியக்காரர்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சட்டி நிறையச் சாராயம் கட்டிலடியில் இருந்தது. யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சட்டி மட்டும் மணியக்காரர் வீட்டுச் சட்டி.

அடுத்தபடியாக வாத்தியார் கெம்பனின் முன்னங்காலை மணிக்கட்டென்று நினைத்துப் பிடித்து நாடி தேடினார். கிடைக்கவில்லை. "போயிருச்சா?" என்று ஆவலோடு எட்டிப் பார்த்தான் மாரப்பன். தொடையின் உள்பக்கத்தில் கை வைத்திருந்த கோவிந்தம்மாள், "இங்க துடிக்குதுங்க" என்றாள். மனுசனுக்கு என்றால் நகத்தை அமுக்கி ரத்தம் திரும்புகிறதா என்று பார்க்கலாம், நாய் நகமோ கறுப்பு. இருவரும் யோசித்து உதட்டைத் தூக்கினார்கள். ஈறு தும்பைப்பூவாக வெளுத்திருந்தது. விரலால் அமுக்கியபோது நிறம் மெதுவாகத்தான் திரும்பியது.

"ரத்தம் ரொம்பப் போயிருக்குது. கம்பளி போத்துங்க, சூடு எறங்கப்படாது. களியோ கஞ்சியோ தண்ணியோ வாயில ஒண்ணும் ஊத்தப்படாது. தர்மபுரி மாட்டாஸ்பத்திரிக்குப் போயித் தையல் போட்டாத்தான் பொழைக்கும்."

"வாத்தியாரே, ஜப்பான்காரனுக்குக் கத்துக்கிட்டதை நாய்கிட்டக் காட்டறீங்களா?" என்று யாரோ கேட்க, கூட்டம் மறுபடி சிரித்தது. வாத்தியாருக்குக் காது சிவந்தது. ஆனாலும் அவர் எழுந்து போகவில்லை. அதற்காகவே கோவிந்தம்மாள் பிற்காலத்தில் அவரைக் குண்டு வாத்தியார் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இங்கே இவ்வளவு நடக்க, அங்கே வேலியோரம் இன்னொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. கோயில் படிக்கட்டு வேலைக்கு வந்து தங்கியிருந்த கல்தச்சன் கையில் கரித்துண்டோடு மாரப்பனிடம் விவரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"காது நிமுந்த நாயிங்களா, மடிஞ்ச நாயிங்களா?"

"ரெண்டும் நிமுந்ததுப்பா" என்றான் மாரப்பன்.

"பக்கத்துல ஆளு உருவம் போடணுமே. நீங்க அப்ப எங்க நின்னீங்க?"

மாரப்பன் புளியமரத்தை நினைத்துக்கொண்டு, "பன்னிக்கு எதுக்க, ஈட்டியோட" என்றான். "மீசையைக் கொஞ்சம் எடுப்பாப் போடு."

கோவிந்தம்மாள் அதைக் கேட்டாள். அவள் தாய்வீட்டுச் சீதனமாக வந்த காளைகளை அவிழ்த்து வண்டியில் பூட்டினாள். வயலில் பரம்படிக்கிற பலகையை எடுத்துவந்து, வாத்தியாரும் அவளுமாகக் கெம்பனை உடம்பு வளையாமல் அதன்மேல் நகர்த்தி, பலகையோடு வண்டியில் வைக்கோல்மேல் ஏற்றினார்கள். அப்போதுதான் மாரப்பனுக்கு விஷயம் புரிந்தது. ஓடிவந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"எங்கடி போற? எல்லையைத் தாண்டி வழியில செத்தா கல்லு நட முடியாதுடி! ஊருக்குள்ள செத்தாத்தான் கணக்கு!"

"அப்படிங்களா மாமா? அப்ப எல்லையைத் தாண்டறதுதான் அவனுக்கு மொத மருந்து. கயித்தை வுடுங்க."

"பொழுதோட போற உசுருக்கு மாட்டைக் கொல்லப் போறியா? நான் ஒரு தடவை தலை நிமுந்து நடக்கறது ஒனக்குப் பொறுக்கலையா?"

அவன் குரல் கடைசியில் உடைந்துவிட்டது. இருபது வருஷமாகக் கூறு வாங்கக் கடைசியில் நின்றவன் குரல் அது. அவளுக்கும் ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. கம்பளிக்குள் கெம்பன் முனகினான். அவள் சாட்டையை ஓங்கினாள். அடி மாட்டுக்கா தனக்கா என்று தெரியாததால் மாரப்பன் கயிற்றை விட்டுவிட்டான்.

ஓசூர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த சின்ன ரயிலைப் போன வருஷம்தான் நிறுத்தியிருந்தார்கள். ஆகவே தர்மபுரி வரைக்கும் வண்டிதான். அவள் ஓட்டினாள், வாத்தியார் பின்னால் உட்கார்ந்து துணியை நனைத்தார், உதட்டைத் தூக்கிப் பார்த்தார், "இருக்குதும்மா, இருக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மணியக்காரர் சொன்ன அதே வார்த்தைதான். வாத்தியார் வாயில் கேட்டபோது அவளுக்கு அழுகை வந்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் ராஜாமணி வண்டியை எட்டிப் பார்த்ததும் அந்தக் கட்டுகளைக் கண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஈரத்துணியை விலக்கியதும் சிரிப்பு நின்றது. "குடல் காயலை, கிழியவும் இல்லை. வழியில எதுவும் குடுக்கலையே?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். மயக்கமருந்து கொடுத்துக் கழுவித் தைத்தார். பிழைக்கும் என்று அன்றைக்கே சொல்லவில்லை, பார்க்கலாம் என்றார். தர்மபுரியிலேயே இருந்த தன் சின்னம்மா வீட்டுத் தொழுவத்தில் கெம்பனோடு தங்கினாள் கோவிந்தம்மாள். காய்ச்சல் வந்தது, போனது. கஞ்சித்தண்ணீரை நக்கினான். ஒரு காலையில் எழுந்து நின்று, நாலடி வைத்து, தூணில் காலைத் தூக்கினான். சின்னம்மா திட்டினாள். கோவிந்தம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஊர்ச் செய்தியைக் கொண்டுவந்தவள் பக்கத்துவீட்டுக் குள்ளம்மாள். சந்தைக்கு வந்தவள் தொழுவத்தில் கெம்பனைப் பார்த்து, "அடி ஆத்தா, செத்துச் சாமியானது இங்க களி திங்குதே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வாத்தியார் ஊர் திரும்பி, நாய்க்குத் தையல் போட்டாயிற்று, உயிரோடிருக்கிறது என்று சொல்லத்தான் சொன்னாராம். கல்லை அடித்து முடித்துவிட்டார்கள், பொங்கலுக்கு அரிசி ஊறிவிட்டது, இந்த நேரத்தில் வந்து நாய் உயிரோடிருக்கிறது என்றால் யாருக்குப் பிடிக்கும்? சாமியைக் கேட்டுவிடலாம் என்றான் பூசாரி தீர்த்தன். உடுக்கை அடித்தார்கள். தீர்த்தன்மேல் கெம்பனே வந்து இறங்கினான். நாலுகாலில் ஏரிக்கரையைச் சுற்றி ஓடினான், குரைத்தான், மணியக்காரர் காலை முகர்ந்தான். பிறகு நல்ல தமிழில், "நான் எல்லைக்குள்ளயே உசுர வுட்டுட்டன், வண்டியில போனது வெறுங்கூடு" என்று வாக்குச் சொன்னான். கல் நட்டாயிற்று. மாரப்பன் தலையில் பட்டுப் பரிவட்டம் ஏறியாயிற்று. கோயிலுக்குப் போனால் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுகிறார்களாம்.

"ஒங்கூட்டுக்காரரு குளிக்கறப்பக்கூட அதைக் கழட்டறதில்லடி" என்றாள் குள்ளம்மாள்.

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். கெம்பனை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு அவள் ஊருக்குத் திரும்பிய சாயங்காலம் எருக்கங்கொட்டாய் ஏரிக்கரையில் இரண்டுமே இருந்தன. ஊருக்குத்தான் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கல்லில் இரண்டு காதும் நிமிர்ந்த நாயொன்று பன்றியின் கழுத்தைக் கடித்தது. அதே கல்லில் பக்கத்தில், புலியைக் கொல்லப் புறப்பட்டவன் மாதிரி, கல் மாரப்பன் ஈட்டியோடு நின்றான். கெம்பன் வண்டியிலிருந்து மெள்ள இறங்கி, கல்லை முகர்ந்து பார்த்துவிட்டு, தீர்த்தன் படையலாக இலையில் வைத்திருந்த பொங்கலைத் தின்ன ஆரம்பித்தான்.

"ஓட்டுடா அதை!" என்று அலறினான் தீர்த்தன்.

கூட்டம் கூடிவிட்டது, பரிவட்டத்தோடு மாரப்பனும் வந்து நின்றான். கெம்பன் உயிரோடிருந்தால் சாமி பொய் சொல்லியிருக்க வேண்டும், இல்லை பூசாரி பொய் சொல்லியிருக்க வேண்டும். இரண்டுமே ஊருக்கு ஆகாத காரியம். மணியக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பைத் தொடங்கினார்.

"சொந்தக்காரன் வாயால சொல்லட்டும். இது மாரப்பன் நாயின்னா, பரிவட்டத்தை எறக்கி வெச்சுட்டுக் கல்லைப் புடுங்கிருவோம். இல்லைன்னா இது எங்கேயோ அடிபட்டு வந்த கண்ட நாயி. வெறி புடிச்சுதோ என்னமோ. புள்ளைங்க நடமாடற ஊரு, அடிச்சுப் போட்டுருவோம். மாரப்பா, சொல்லுப்பா."

நாலைந்து பேர் கையில் தடி ஏறிவிட்டது. கெம்பனின் உயிர் இப்போது மாரப்பனின் நாக்கு நுனியில் இருந்தது. 'மாரப்பா' என்ற பெயரைக் கேட்டதும் கெம்பன் இலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். மடிந்த காது ஆட, தையல் இழுக்க, நொண்டி நொண்டி அவனிடம் போனான். காலை நக்கினான். வாலை ஆட்டிய ஆட்டத்தில் உடம்பே ஆடியது.

கோவிந்தம்மாள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஏதோ அசைந்தது. கைகூட கீழே இறங்கி நாயின் தலைக்குக் கிட்ட வந்தது. சொல்லிவிடுவான் என்றுதான் அவள் நம்பினாள். இத்தனை நாள் குடித்தனம் பண்ணியவளுக்கு அந்த நம்பிக்கைகூட இருக்காதா? அப்போது முன்வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் முதன்முறையாக அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கொட்டாவி விடவில்லை. அவன் கை மேலே போய்ப் பரிவட்டத்தைச் சரிசெய்தது.

"இது எங்க நாயில்லீங்க" என்றான்.

தடிகள் கிளம்பின. கோவிந்தம்மாள் பாய்ந்து கெம்பன்மேல் குனிந்து மூடிக்கொண்டாள். "அடிங்க பாக்கலாம்! என்னை அடிச்சுட்டு அப்புறம் அவனை அடிங்க!" என்று கத்தினாள். அடித்திருப்பார்கள். சாமிக்காக என்றால் எருக்கங்கொட்டாய் எதையும் அடிக்கும்.

அந்த நேரத்தில் ஊதல் சத்தம் காதைப் பிளந்தது. வாத்தியார் கைப்பட்டையைத் தோள்வரை ஏற்றிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். குரல் கீச்சிட்டது, சொன்னது மட்டும் கலெக்டர் உத்தரவு மாதிரி இருந்தது.

"யாரும் தொடப்படாது! இது யுத்தகால முதலுதவி கேசு! சர்க்கார் பெட்டியைத் திறந்து, சர்க்கார் பஞ்சு வெச்சுக் கட்டுனது. இந்த வயித்துல இருக்கற தையல் சர்க்கார் சொத்து. கை வெச்சா இந்தியப் பாதுகாப்புச் சட்டம்! வாரண்ட் இல்லாமப் புடிச்சு வேலூர் ஜெயில்ல போடுவாங்க. மொதல்ல ஊர் மணியக்காரர் பதில் சொல்லணும், அப்புறம் சாராயச் சட்டி யாரு வூட்டுதுன்னும் கேப்பாங்க."

அப்படி ஒரு சட்டத்தில் நாயின் வயிறு எந்தப் பக்கத்தில் வருகிறது என்று யார் போய்ப் பார்த்தார்கள்? சாமிக்குப் பயப்படாதவன்கூட அந்த வருஷம் அந்தச் சட்டத்துக்குப் பயந்தான். தடிகள் ஊன்றுகோல்களாக மாறின. மணியக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அட, ஜீவகாருண்யம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? யாரோ ஒருத்தர் நாயி, அந்தம்மா வளத்துக்கட்டும், வுடுங்கப்பா" என்றார். ஜப்பான்காரன் வராமலேயே வாத்தியார் ஒரு யுத்தத்தில் ஜெயித்துவிட்டார்.

கோவிந்தம்மாள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். மாரப்பனைத் திட்டுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் அந்தப் பக்கமே திரும்பாமல் கெம்பனை நடத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இருட்டும் நேரத்தில் மாரப்பன் வாசலுக்கு வந்தான். அவள் அடுப்படியில் இருந்தாள். அவனுடைய பித்தளைத் தட்டில் களியும் கறிக்குழம்பும் இருந்தன. அதைக் கெம்பன் நிதானமாகத் தின்றுகொண்டிருந்தான். மாரப்பன் படியில் காலை வைத்தான்.

"யாருங்க அது?" என்றாள்.

"நான்தான்டி."

"நான்னா யாருங்க? இது கெம்பன் இருக்கற வூடுங்கய்யா. கெம்பன் செத்துப்போன வூட்டுக்காரரு நீங்க. ஒங்க வூடு ஏரிக்கரையில, கல்லுக்குப் பக்கத்துல இருக்குதுங்க."

கெஞ்சினான், மிரட்டினான். கடைசியில் பசியோடு ஏரிக்கரைக்குப் போனான். கல்லுக்குச் சொந்தக்காரன் கல்லோடு படுத்தால் விசேஷம்தான் என்று ஊர் மெச்சியது. ஆனால் தங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிடவில்லை. பரிவட்டக்காரன் கண்டவர் வீட்டில் கை நனைத்தால் தீட்டாம்.

நட்ட கல்லுக்கு அந்த வீட்டுப் பெண் தினமும் படையல் வைக்க வேண்டும் என்பது வழக்கம். வழக்கத்தை மீறுகிறவளா கோவிந்தம்மாள்? பொழுது சாய்ந்ததும் ஒரு களி உருண்டையை இலையில் வைத்துக் கொண்டுவந்து, கல்லில் இருந்த நிமிர்ந்த காது நாயின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும் மாரப்பன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இலையை இழுத்துக்கொள்வான். நாய்க்கு வைத்த சோற்றில் ஊரின் முதல் மரியாதைக்காரன் உயிர் வாழ்ந்தான்.

ஒருநாள் அவள் குனிந்து இலையை வைக்கும்போது அவன் மெல்லிய குரலில் பேச்சைத் தொடங்கினான்.

"கோவிந்து, அது கெம்பன்தான். எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும்."

"எனக்கும் தெரியுங்க. அதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அன்னைக்கு ஊருகிட்டத்தான சொன்னீங்க, இதையும் ஊருகிட்டயே சொல்லுங்க."

கரைமேல் நாலு பேர் மாடு ஓட்டிக்கொண்டு போனார்கள். மாரப்பனைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்று, "வாங்க கவுண்டரே" என்று கும்பிட்டார்கள். அவன் அவர்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு திறந்த வாயை என்ன செய்வது என்று தெரியாமல், பரிவட்டம் சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் களியைப் பிட்டுப் போட்டுக்கொண்டான்.